நூலைப் பிடித்து நிறுத்துவது எது

பழைய வேட்டியிலிருந்து உள்ளங்கை அளவில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, ஊசியில் ஒற்றை நூல் கோத்து, முடிச்சே போடாமல் மேலும் கீழுமாகப் பத்துப் பன்னிரண்டு தையல் போடுங்கள். இரண்டு முனையிலும் நாலு விரல் நீளத்துக்கு நூல் தொங்கட்டும். இனி இரண்டு துண்டையும் எதிரெதிர்ப் பக்கமாக இழுத்துப் பாருங்கள். தையல் கொஞ்சம் வாய் பிளக்கும். ஆனால் எளிதில் விடாது. இழுப்பதை நிறுத்திவிட்டு, தொங்கும் நூல்முனை ஒன்றை மட்டும் பிடித்து மெதுவாக உருவுங்கள். துணி சுருங்கும், பிறகு நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

அதே நூல், அதே துணி, அதே துளைகள். ஒரு திசையில் இழுத்தால் பிடிக்கிறது. இன்னொரு திசையில் இழுத்தால் விட்டுக்கொடுக்கிறது. கைத்தையலில் முதலில் கற்கும் எல்லாத் தையல்களும் இந்த இரண்டு நடத்தைகளைக் கையாளும் வழிகள்தான். சில தையல்களில் நூல் வழுக்க வேண்டும், சிலவற்றில் வழுக்கவே கூடாது. தைக்கப் பழகுகிற பலரும் எல்லாப் பொறுப்பையும் முடிச்சின் தலையில் வைக்கிறார்கள். முடிச்சு பெரிதாக இருந்தால் தையல் உறுதி என்று நினைக்கிறார்கள். உண்மையில் தையலைத் தாங்குவது உராய்வு. முடிச்சு அதற்குத் தொடக்கம் மட்டுமே கொடுக்கிறது. அது எப்படி என்று புரிந்துகொண்டால் எந்தத் தையலை எங்கே போடுவது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நூலிலிருந்தே தொடங்குவோம். ஒரு பருத்தி நூலை இரண்டு கையாலும் நெருக்கமாகப் பிடித்து, முறுக்கு அவிழும் திசையில் திருப்புங்கள். முறுக்கு முழுவதும் போனதும் லேசாக இழுத்தால் நூல் அறுவதில்லை. இழைகள் ஒன்றையொன்று விட்டு நழுவி, நூல் இரண்டாகப் பிரிகிறது. பருத்தி இழை ஒவ்வொன்றும் சாதாரணமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். கண்டு கண்டாக நீளும் நூலில் முனைக்கு முனை ஓடும் இழை ஒன்றுகூட இல்லை. பாலியெஸ்டர் தையல் நூல்கள் பலவும் இப்படிக் குட்டையாக வெட்டிய இழைகளை முறுக்கிச் செய்தவையே. குட்டை இழைகளால் ஆன கயிறு எப்படி இவ்வளவு பாரம் தாங்குகிறது என்ற கேள்வியை கலீலியோ 1638-இல் வெளியான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலிலேயே எடுத்துப் பேசினார். முறுக்கப்பட்ட இழைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதுதான் காரணம் என்று அவர் கண்டார்.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, 2018-இல், பாட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டீன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் அதே கேள்விக்குக் கணிதம் எழுதினார்கள். நூலை இழுக்க இழுக்க முறுக்கு இறுகுகிறது. இறுக இறுக இழைகளுக்கிடையே உராய்வு கூடுகிறது. இந்த உராய்வு ஒரு எல்லையைத் தாண்டியதும் இழைகள் நழுவுவதே நின்றுவிடுகிறது. அதற்குமேல் நூல் அறுந்தால், இழைகளே முறிந்துதான் அற வேண்டும். இழுக்கிற விசையையே பிடிக்கிற விசையாக மாற்றிக்கொள்வது நூலின் குணம். தையலின் குணமும் இதுவேதான். அதனால்தான் இந்த ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது.

முறுக்கைப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. தைக்கும்போது விரல்கள் ஊசியை அறியாமலே உருட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தையலுக்கும் முறுக்கு கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். ஏறினால் நூல் தன்மேல் தானே சுருண்டு சிக்கு விழும். இறங்கினால் நூல் தளர்ந்து இழை பிரியும். பத்திருபது தையலுக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள். அது தானே சுழன்று முறுக்கைச் சரிசெய்துகொள்ளும். சிக்கு விழுந்த பிறகு பிய்த்து இழுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

நூலின் நீளத்துக்கும் கணக்கு இருக்கிறது. அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு ஆளுயரத்துக்கு நூல் எடுக்கிறவர்கள் உண்டு. மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் தைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முழ நூல், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர், தீர்வதற்குள் ஊசிப் பக்கத்து நூல் ஏறத்தாழ 150 முறை துணிக்குள் உராய்ந்து போகும். இரண்டு முழம் எடுத்தால் 300 முறை. நூலின் கடைசிப் பகுதி துணியில் வந்து உட்காரும்போதே பாதி தேய்ந்திருக்கும். பழகுகிறவர்களுக்கு ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை முழம் போதும்.

ஊசியின் வேலை துளை போடுவது என்று தோன்றும். ஆனால் நெய்த துணியில் நல்ல ஊசி எதையும் அறுப்பதில்லை. பாவு நூலையும் ஊடை நூலையும் விலக்கிக்கொண்டு நுழைகிறது. ஊசி போனதும் விலகிய நூல்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முயன்று, தையல் நூலைச் சுற்றி நெருக்குகின்றன. பிடிப்பு தொடங்குவது அங்கேதான். துணிக்குத் தேவைக்கு மேல் தடித்த ஊசியை எடுத்தால் நூல்கள் அதிகம் விலகி, பிடி தளரும். கைத்தையல் ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெலியும். மெஷின் ஊசிகளில் நேர்மாறு. மெஷின் ஊசியில் 90 என்று இருந்தால் தண்டின் தடிமன் 0.9 மில்லிமீட்டர் என்று பொருள். தோலும் ரெக்ஸினும் வேறு வகை. அவற்றில் துளை துளையாகவே நிற்கும். நெருக்கி நெருக்கித் தைத்தால் உறுதி கூடுவதற்குப் பதில், அஞ்சல்தலைத் தாளின் துளை வரிசை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்துவரும்.

காது வைத்த ஊசி மனிதர்களின் மிகப் பழைய கருவிகளில் ஒன்று. சைபீரியாவில் கிடைத்த எலும்பு ஊசிகள் சுமார் 40,000 ஆண்டுப் பழமை கொண்டவை. அல்தாய் மலையின் டெனிசோவா குகையில் கிடைத்த ஊசி பறவை எலும்பில் செய்தது. ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம். காது இல்லாத எலும்புக் குத்தூசிகள் அதற்கும் முந்தியவை. குத்தூசியால் துளை போட்டு, பிறகு நரம்பையோ நாரையோ துளைக்குள் தள்ள வேண்டும். காது வந்ததும் இரண்டு வேலை ஒன்றானது. பனிக்காலத்தில் உடம்போடு ஒட்டிய உடையைத் தைத்துப் போட முடிந்ததற்கு இந்தச் சின்னத் துளையும் ஒரு காரணம்.

இப்போது முதல் தையலுக்கு வருவோம். ஓட்டுத் தையல், தையல் வகுப்புகளில் ரன்னிங் ஸ்டிச் என்பார்கள். ஊசி மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று ஒரே கோட்டில் முன்னேறும். இதில் நூல் செல்லும் பாதை ஒரு அலை. துணிக்குள் இறங்கும் இடத்தில் நூல் வளைகிறது. வெளியேறும் இடத்தில் திரும்பவும் வளைகிறது. அந்த வளைவுகளைத்தான் கவனிக்க வேண்டும்.

துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் ஆள் கயிற்றை இரும்புத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். மறுமுனையில் கப்பல் இழுத்தாலும் கயிறு நழுவாது. இதற்கான சமன்பாட்டை 18-ஆம் நூற்றாண்டில் லெயோனார்ட் ஆய்லர் தந்தார். பின்னர் ஐடெல்வைன் அதை விரித்தெழுதினார். வளைந்த பரப்பில் சுற்றிய கயிற்றின் பிடிப்பு, சுற்றிய கோணம் கூடக் கூடப் பெருக்கல் கணக்கில் ஏறும் என்பதே அதன் சாரம். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்று ஒரு பக்கத்து விசையை மறுபக்கத்தில் சுமார் 6.6 மடங்கு வரை தாங்கும். இரண்டு சுற்று 43 மடங்கு. மூன்று சுற்று 285 மடங்கு. வியப்பு என்னவென்றால், தூணின் தடிமன் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. கோணம் மட்டுமே முக்கியம்.

இதைத் துணிக்குள் கொண்டுவாருங்கள். மெல்லிய துணியில் ஒவ்வொரு துளையிலும் நூல் மொத்தம் 60 பாகை வளைகிறது என்று வைப்போம். பத்துத் துளை தாண்டினால் வளைவுகளின் கூட்டுத்தொகை 600 பாகை. பிடிப்பு 23 மடங்கு. இருபது துளை தாண்டினால் 500 மடங்குக்கு மேல். முனையில் போடும் சின்ன முடிச்சு கொடுக்கும் சிறு பிடியை, அடுத்தடுத்த துளைகள் பெருக்கிக்கொண்டே போகின்றன. முடிச்சு இல்லாவிட்டாலும் துணி நூல்களின் நெருக்கல் அந்தச் சிறு பிடியைக் கொடுக்கும். ஆனால் நூல் துளையில் தொளதொளவென்று கிடந்தால் முதற்பிடி பூஜ்யம். பூஜ்யத்தை 500-ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ‘நூலை லேசாக இழுத்து உட்கார வை’ என்று தையல் சொல்லிக்கொடுப்பவர்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். மிகையாக இழுத்தால் துணி சுருங்கிப்போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் நாலைந்து தையலுக்கு ஒருமுறை கட்டைவிரலால் தையல்மேல் நீவிவிடச் சொல்வார்கள்.

சுருங்குவது சில இடங்களில் குறை. சில இடங்களில் அதுவேதான் வேண்டும். பாவாடைக்கும் குழந்தைச் சட்டைக்கும் சுருக்கு வைக்க இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு, நூல்முனைகளைச் சேர்த்து இழுக்கிறோமே, அங்கே நூல் வழுக்குவதுதான் பயன். தையலை நீளமாகப் போட்டால் ஒரு அடிக்குள் துளைகள் குறையும், வளைவுகள் குறையும், நூல் எளிதாக வழுக்கும். மெஷினில் அடிப்பதற்கு முன் துணியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் தையலையும் இதே காரணத்துக்காக நீளமாகப் போடுகிறோம். பிறகு ஒரே இழுப்பில் உருவிவிடலாம்.

ஓட்டுத் தையலை எளிமையானது என்று குறைத்து எண்ண வேண்டாம். வங்காளத்தின் காந்தா விரிப்புகளில் பழைய சேலைகளை அடுக்கடுக்காக வைத்து இந்த ஒரே தையலால் பிணைக்கிறார்கள். நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகச் செய்யும் பூவேலையும் அடிப்படையில் மேலும் கீழும் ஓடும் தையல்தான். துணியில் கோலம் எதுவும் முன்கூட்டி வரைவதில்லை. பாவையும் ஊடையையும் விரல்நுனியில் எண்ணி, இத்தனை நூல் விட்டு இத்தனை நூல் எடுப்பது என்ற கணக்கிலேயே வடிவங்கள் பிறக்கின்றன. 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணிக்கை பிசகினால் வடிவமே பிசகும் வேலை அது. கண்ணால் அளப்பதைவிட நூலை எண்ணுவது எவ்வளவு துல்லியமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. புதிதாகப் பழகுகிறவர்களும் இதைப் பின்பற்றலாம். சின்னக் கட்டம் போட்ட துணியை எடுத்து, ஒரு கட்டம் மேலே ஒரு கட்டம் கீழே என்று தையுங்கள். கை அந்த அளவைப் பழகிக்கொண்ட பிறகு வெறுந்துணிக்குப் போகலாம்.

இரண்டாவது தையலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கற்றவர்களுக்குக் கடைசிவரை துணை நிற்பது அதுதான். அது பின்தையல், பேக் ஸ்டிச். வலக்கைக்காரர் வலமிருந்து இடமாகத் தைப்பார். இடக்கைக்காரர் இடமிருந்து வலமாக. ஊசியைத் தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரு தையல் தள்ளி மேலே எடுங்கள். பின்னால் திரும்பித் தொடக்கப் புள்ளியில் இறக்குங்கள். அடியில் இரண்டு தையல் நீளம் முன்னேறி மேலே வாருங்கள். மறுபடி ஒன்று பின்னே, இரண்டு முன்னே. மேலிருந்து பார்த்தால் மெஷின் தையல்போல் இடைவெளியில்லாத கோடு தெரியும். அடியில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

ஓட்டுத் தையலில் நூல் எப்போதும் முன்னோக்கியே போகிறது. பின்தையலில் ஒவ்வொரு துளையிலும் ஏறக்குறைய முழுசாகத் திரும்புகிறது. 60 பாகை வளைவு இருந்த இடத்தில் இப்போது 180 பாகையை நெருங்கும் வளைவு. அதோடு ஒரே துளையில் நூல் இரண்டு முறை போவதால் நூலே நூலை நெரிக்கிறது. விளைவு, ஒரு முனையைப் பிடித்து உருவினால் வராது. நடுவில் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் தங்கள் இடத்தில் நிற்கும். கைக்குழி, பேண்ட்டின் கவட்டை, பையின் கைப்பிடி என்று இழுவிசை விழும் இடங்களுக்கெல்லாம் இதைப் போடச் சொல்வது இதனால்தான்.

இதற்கு விலை நூல். மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு. தைத்த நீளத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் நூல் செலவாகும். அந்த அதிகப்படி நூலும் வீணில்லை. துணி நீளும்போது ஓட்டுத் தையலில் நூலுக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. அது அறும், அல்லது துணியைப் பிடித்துச் சுருக்கும். பின்தையலில் ஏறி இறங்கிக் கிடக்கும் நூல் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

மெஷின் வேறு வழியில் போனது. எலியாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மெஷினில் ஊசிக் காது கூர்முனைக்குப் பக்கத்தில் இருந்தது. நூல் முழுவதும் துணிக்குள் போய்வர வேண்டியதில்லை. ஒரு வளையம் மட்டும் கீழே இறங்கினால், அடி நூல் அதற்குள் புகுந்து பூட்டிவிடும். வேகம் கிடைத்தது. ஆனால் ஒரே துளை வழியாக நூலை முழுசாக இழுத்து முன்னும் பின்னும் கொண்டுபோகும் கைத்தையலை அந்த மெஷினால் போட முடியவில்லை. தோல் வேலைக்காரர்கள் ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, இரண்டையும் ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தித் தைக்கிறார்கள். ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். டெஸ்ட் பந்தயங்களுக்கான கிரிக்கெட் பந்தைப் பாருங்கள். மீரட்டில் செய்யும் எஸ்.ஜி. பந்தின் ஆறு வரிசைத் தையலும் கையால் போடுவது. மட்டையடியைத் தாங்கும் அந்தக் கோடு தோல் தையலின் உறுதிக்கு நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது ஹெம்மிங். இங்கே நோக்கமே மாறுகிறது. தையல் வெளியே தெரியக் கூடாது, துணி தன் இயல்பில் தொங்க வேண்டும். மடித்த ஓரத்திலிருந்து ஊசியை எடுத்து, எதிரே துணியின் ஓரிரு நூல்களை மட்டும் கவ்வி, சாய்வாக மறுபடி மடிப்புக்குள் செலுத்துவார்கள். சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஃபால்ஸ் பெரும்பாலும் பருத்தி. சேலை பட்டோ பாலியெஸ்டரோ. முதல் அலசலில் பருத்தி சுருங்கும், மற்றது அவ்வளவு சுருங்காது. ஃபால்ஸை முதலிலேயே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத் தைக்க வேண்டும் என்பது அதனால். நூலை இறுக்காமல் விடுவதும் அதனால்தான். இரண்டு துணியும் வெவ்வேறு அளவில் அசையும்போது சாய்ந்த தையல் கொஞ்சம் நிமிர்ந்து இடம் கொடுக்கும். பட்டுச் சேலைக்குக் கையாலேயே ஃபால்ஸ் தைக்கச் சொல்லும் பெரியவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

பட்டன் தைப்பதில் பலர் பிழை செய்வது துளைகளில் அல்ல. பட்டனுக்கும் துணிக்கும் நடுவில். பட்டனைத் துணியோடு ஒட்டத் தைத்தால், காஜாவின் தடிமனுக்கு இடமிருக்காது. மாட்டும்போதெல்லாம் நூல் நெரிபட்டுத் தேயும். பட்டன்மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதைச் சுற்றித் தையுங்கள். பிறகு குச்சியை உருவிவிட்டு, பட்டனைத் தூக்கிப் பிடித்து, அடியில் தெரியும் நூல்களைச் சுற்றி நாலு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். முன்பு போட்ட கணக்கின்படி நாலு சுற்றின் பிடிப்பு ஏறத்தாழ 1,900 மடங்கு. அதன்பின் துணியில் ஒரு சின்னத் தையல் போட்டு நூலை வெட்டினால் போதும். பெரிய முடிச்சு தேவையே இல்லை. காஜாவில் வேலை வேறு. அங்கே துணியை வெட்டியிருக்கிறோம்; பாவும் ஊடும் அறுந்த முனைகளோடு நிற்கின்றன. ஒவ்வொரு தையலிலும் நூலை ஊசிக்கு அடியில் வளையமாகப் பிடித்து இழுப்பதால், வெட்டிய ஓரத்தில் சின்னச் சின்ன முடிச்சுகளின் கரை உருவாகிறது. பட்டன் உரசுவது அந்தக் கரைமேல். துணியின் நூல்கள் பிரியாமல் உள்ளே பத்திரமாக இருக்கும்.

தைத்து முடிக்கும் இடத்திலும் இதே அறிவு உதவும். நூல் தீரும்போது அதே இடத்தில் இரண்டு மூன்று குட்டைப் பின்தையல் போட்டு, மிச்ச நூலை இரண்டு துணிக்கும் நடுவே ஒரு அங்குலம் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். முடிச்சு என்பது ஒரே இடத்தில் எல்லா விசையையும் வாங்கும் மேடு; மெல்லிய துணியில் அது துளை வழியாக நழுவிவிடும். குட்டைத் தையல்கள் அதே விசையைப் பல துளைகளுக்குப் பங்கிடும்.

உராய்வை நம்பாத தையல் ஒன்றும் உண்டு. அது சங்கிலித் தையல். இதில் ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம் மட்டுமே பிடித்து நிற்கிறது. கடைசி வளையத்தை விடுவித்தால் அதற்கு முந்தியது விடுபடும், பிறகு அதற்கு முந்தியது. அரிசி மூட்டையின் வாயில் சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் அவிழ்வது இதனால்தான். மூட்டைக்கு அதுவே வேண்டிய குணம். பிரான்சில் பார்தெலெமி திமோனியே 1830-இல் காப்புரிமை பெற்ற மெஷின் போட்டதும் சங்கிலித் தையல்தான். அதில் அவர் ராணுவ உடுப்புகளைத் தைத்தார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் பாரீஸில் அவருடைய பட்டறையை அடித்து நொறுக்கினார்கள். இன்று நம் ஊர்களில் கல்யாண ரவிக்கைகளுக்குச் செய்யும் ஆரி வேலையும் கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையலே. ஆரி பழகும்போது வளையங்கள் ஒரே அளவில் விழ நாளாகும். அது போகப்போக வரும். ஆனால் முதல் நாளிலேயே கற்க வேண்டியது, வரிசை முடிகிற இடத்தில் கடைசி வளையத்தின் தலையைத் தாண்டி நூலை அடியில் இறக்கி, பின்பக்கம் முடிச்சிட்டுப் பூட்டுவது. மற்றத் தையல்களில் முடிச்சைக் குறைத்துக்கொள்ளலாம். சங்கிலித் தையலில் மட்டும் கடைசி முடிச்சை விட்டால் மணியும் ஜரிகையும் சேர்த்து வரிசை முழுவதும் கையோடு வந்துவிடும்.